காளியண்ணன் பெயரில் குழந்தைசாமி ரத்தம்

தஸ்னீம் சேந்தமங்கலத்து மிளகு வியாபாரி அப்பாஸ் அலியின் மகள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். நரம்பு நோய்களுக்கு மரபணுச் சிகிச்சை என்பது அவள் துறை. கொல்லிமலையில் ஒரு பிள்ளை தொடர்ந்து நடப்பாளா, படுத்துவிடுவாளா என்பது அதில் மூன்று வருடத்துக்கு மேல் அவள் கையில் இருந்தது. அதில் இரண்டு வருடத்தை வீணடித்தது நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது மலை விவசாயிகள் சங்கத்தின் அமைப்பாளர். அவள் அப்பாவுக்கு எதிராக மூன்று துண்டறிக்கை போட்டவன். மிளகில் ஈரம் இருக்கிறது என்று சொல்லி மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார்கள் என்று பொதுவாகத்தான் எழுதினேன். ஆனால் அப்போது சேந்தமங்கலத்தில் மிளகு எடுத்த கடைகளில் பெரியது அவருடையது. மூன்று அறிக்கையையும் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். நான் போகும்போதெல்லாம் விரலால் தட்டிக் காட்டுவார்.

"தலைவரே, இதுல சுரண்டல்னு நாலு எடத்துல போட்டிருக்கீங்க. ஒரு எடம் போதுமுங்க. மையாவது மிச்சமாகும்."

கழிவை ஒரு கிலோவாகக் குறைத்தார். நான்காவது அறிக்கை தேவைப்படவில்லை.

1997 ஏப்ரலில் பக்ரீத்துக்குத் தஸ்னீம் வந்திருந்தாள். பெங்களூரில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பண்டிகை முடிந்த மறுநாள் கொல்லிமலை மேலே பெரக்கரை நாடு என்ற ஊர்ப்பகுதியிலிருந்து பொன்னாயி மிளகு கொண்டுவந்து கடையில் இறக்கினாள். நானும் அங்கே இருந்தேன். பொன்னாயியோடு மகள் அருணா. பதினோரு வயது. மூட்டைகளைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். கையை எடுத்தால் ஆடினாள்.

"பஸ்ஸு சுத்தி வந்ததுல தலை கிறுகிறுங்குதாட்ட இருக்குது" என்றார் அப்பாஸ் அலி. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவர்கள் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருப்பார்கள்.

தஸ்னீம் எழுந்து வந்தாள். "கண்ணு, ரெண்டு காலையும் ஒட்டி வச்சு நில்லு. இப்பக் கண்ணை மூடு."

அருணா கண்ணை மூடினாள். நேராக மிளகு மூட்டை மேல் விழுந்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்குதுங்க?"

"ரெண்டு வருசமாச்சுங்க" என்றாள் பொன்னாயி. "எங்க சொந்தத்துல இன்னும் நாலு பேருக்கு இருக்குது. இவளையும் சேத்தா அஞ்சு. மொதல்ல ஆடுவாங்க, அப்பறம் செவுத்தப் புடிப்பாங்க, இருவது வயசுல படுத்துருவாங்க." கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"மருந்து?"

"கோயில்ல கயிறு கட்டுனோம். நாமக்கல்லுல டானிக்கு குடுத்தாங்க. கயிறு இன்னும் இருக்குதுங்க."

பொன்னாயி போன பிறகு தஸ்னீம் எங்களுக்குத் தன் வேலையை விளக்கினாள். உடம்பில் சில நோய்கள் ஒரே ஒரு மரபணு கெட்டுப்போவதால் வருகின்றன. அந்த மரபணுவின் நல்ல பிரதியை நரம்புக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நரம்புக்குள் நுழையத் தெரிந்தது வைரஸ். ஆகவே ஒரு வைரஸைப் பிடித்து, நோய் உண்டாக்கும் சரக்கை அதிலிருந்து எடுத்துவிட்டு, நல்ல மரபணுவை ஏற்றி அனுப்புவது.

"லாரி அவங்களுது, சரக்கு நம்முளுது" என்றார் அப்பாஸ் அலி.

"ஆமாங்கத்தா."

"எறக்கறதுக்கு ஆளு யாரு?"

"அதுதான் இன்னும் தெரியலைங்கத்தா. அதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க."

அந்த ஜூனில் அருணாவைப் பெங்களூருக்கு அழைத்துப்போனாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் பார்த்தார். இந்த வகை நோய்க்கு வழக்கமாகக் கெட்டுப்போகும் மரபணு ஒன்று உண்டு. அதைச் சோதித்தார்கள். அது நன்றாக இருந்தது. அப்படியானால் வேறு ஏதோ ஒன்று. அது எது என்று கண்டுபிடித்தால்தான் நல்லதை ஏற்றி அனுப்ப முடியும். கண்டுபிடிக்க அந்தச் சொந்தத்தில் நோய் உள்ளவர், இல்லாதவர், அப்பா, அம்மா எல்லார் ரத்தமும் வேண்டும். தஸ்னீம் பொன்னாயியிடம் கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் எழுதினாள். முப்பத்து நான்கு பேர்.

அவளுடைய பேராசிரியர் ஒப்புக்கொண்டார். அவரிடம் வைரஸ் இருந்தது, எலி இருந்தது, பணமும் இருந்தது. நோய் ஒன்று தேவைப்பட்டது.

1998 ஜனவரி கடைசியில் ரம்ஜான் முடிந்தது. அடுத்த வாரம் ரத்தம் எடுப்பது என்று முடிவானது. தஸ்னீம் முதல் நாளே மேலே வந்து பொன்னாயி வீட்டு வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். நேர்கோடு. அருணா அதன் மேல் ஒரு குதிகாலை மறு காலின் கட்டைவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்க வேண்டும். பத்து அடி வைத்தால் முழு மதிப்பெண். டாக்டர்கள் செய்யும் சோதனைதான். அருணா ஆறு அடி வைத்தாள். ஏழாவதில் சாய்ந்தாள்.

"ஆறு" என்று எழுதிக்கொண்டாள் தஸ்னீம்.

"எலியையும் இப்படித்தான் நடக்க வெப்பீங்களாக்கா?" என்று கேட்டாள் அருணா.

"எலிக்குக் கம்பிதான், சாமி. கம்பி சுத்தும். எத்தனை நொடி நிக்குதுன்னு பாப்போம்."

"விழுந்தா?"

"மெத்தை போட்டிருப்போம்."

"எனக்குப் போடலையே."

தஸ்னீம் அதையும் எழுதிக்கொண்டதாக ஞாபகம்.

ஆட்களைத் திரட்டுவது என் பொறுப்பு. இருபது வருடமாக நான் செய்த ஒரே வேலை அதுதான். நோட்டீஸ் அடித்தேன். பட்டியலில் உள்ள முப்பத்து நான்கு பெயரும் தவறாமல் வர வேண்டும், ஒரு பெயர் குறைந்தாலும் நமக்குத் தலைகுனிவு என்று எழுதி, மூன்று ஆச்சரியக்குறி போட்டேன்.

இங்கே எங்கள் மலையில் ஆள் திரட்டும் முறையைச் சொல்ல வேண்டும். ஊர் வேலை என்றால் வீட்டுக்கு ஓர் ஆள். பாதையில் மண் சரிந்தால் அள்ள வேண்டும், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட வேண்டும். வீட்டின் பெயரைக் கூப்பிட்டால் ஓர் ஆள் நிற்க வேண்டும். அது அப்பனா, தம்பியா, மச்சானா, பக்கத்து வீட்டில் சும்மா இருந்தவனா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதைச் சங்கத்துக்குள் கொண்டுவந்தவன் நான். 1984இல் பட்டா கேட்டு மறியல் செய்தபோது, கைதாகப் போகிறவர்கள் என்று நாற்பது பெயரைப் போலீசிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டோம். அன்று காலையில் ஏழு பேருக்கு வேலை வந்துவிட்டது. வேறு ஏழு பேர் அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு கைதானார்கள். கோர்ட்டில் அந்தப் பெயர்களைக் கூப்பிட்டபோது கை தூக்கினார்கள். பதினைந்து நாள் அந்தப் பெயர்களில் உள்ளே இருந்தார்கள். நாற்பதுக்கு நாற்பது. சங்கத்தின் கட்டுப்பாடு என்று ஜில்லா முழுக்கப் பேசினார்கள். நானும் பேசினேன்.

ரத்தம் எடுத்த அன்று மிளகுப் பறிப்பு உச்சத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போட்டோம். ஊசி போட்டவர் நாமக்கல்லிலிருந்து வந்த லேப் டெக்னீஷியன். தஸ்னீம் உள்ளே அடுத்த அறையில் குழாய்களில் பெயர் ஒட்டி, சேந்தமங்கலம் மீன் கடையில் வாங்கிய ஐஸுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐஸ் கரைவதற்குள் பெட்டி மலையை விட்டு இறங்க வேண்டும். கீழே அப்பாஸ் அலியின் ஜீப் நின்றது. நான் வாசலில் பட்டியலோடு நின்று பெயர் கூப்பிட்டேன்.

"காளியண்ணன்."

காளியண்ணன் பொன்னாயியின் புருஷன், அருணாவின் அப்பா. அவன் அப்போது மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் இருபதடி உயரத்தில் ஏணி மேல் இருந்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைசாமி வந்து நின்றான்.

"அவனுக்கு நான் வந்துட்டேனுங்க தோழரே."

"கைநாட்டு வச்சிட்டு உக்காரு" என்றேன்.

"அர்த்தனாரி."

அர்த்தனாரிக்கு இருபத்து நான்கு வயது. நோய் உள்ள ஐந்து பேரில் மூத்தவன். மேலே காட்டை ஒட்டிய வீட்டில் படுக்கையில் இருந்தான். தொட்டில் கட்டித்தான் தூக்கிவர வேண்டும். தூக்குகிற ஆட்கள் எல்லாரும் மரத்தில் இருந்தார்கள். அவனுக்குப் பதிலாகச் செல்லமுத்து வந்தான். நல்ல கட்டான ஆள். ஒரு சொட்டும் குறையாமல் கொடுத்தான்.

மூன்று மணி நேரத்தில் முப்பத்து நான்கு குழாயும் நிறைந்தன. தஸ்னீம் வெளியே வந்து எண்ணிப்பார்த்தாள்.

"ஒருத்தரு கூட பாக்கி இல்லீங்களா மாமா? பெங்களூர்ல இருவது வந்தாப் பெரிசுன்னாங்க."

"சங்கம்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவள் அந்தக் குழாய்களோடு இருந்தாள். வேலை இதுதான்: நோய் உள்ள ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி இருக்கிற துண்டு எங்கே என்று தேட வேண்டும். அந்தத் துண்டுக்குள்தான் கெட்ட மரபணு இருக்கும். கணக்குப்படி ஒரு துண்டாவது கிடைத்தாக வேண்டும். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுபடி தேடினாள். இல்லை. சோதனை மருந்தில் கோளாறா என்று அதை மாற்றினாள். இயந்திரத்தில் கோளாறா என்று வேறு இயந்திரத்தில் ஓட்டினாள். கடைக்குப் போன் செய்யும்போது அப்பாஸ் அலி கேட்பார்.

"கெடைச்சுதா கண்ணு?"

"இல்லத்தா."

"சரியா சாப்புடறயா?"

உரையாடல் அவ்வளவுதான்.

1999 செப்டம்பரில் அமெரிக்காவில் மரபணுச் சிகிச்சை எடுத்துக்கொண்ட பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். உலகம் முழுக்க அந்தத் துறையில் இருந்தவர்கள் எல்லாரையும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள். தஸ்னீமின் பேராசிரியருக்கும் பணம் கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. இதுவரை என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அவர் தஸ்னீமைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் கண்டுபிடித்திருந்தது ஒன்றே ஒன்று. காளியண்ணனின் ரத்தம் அருணாவின் அப்பாவுடைய ரத்தமாக இருக்க முடியாது.

"மலை ஜனங்க. அங்கெல்லாம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றாராம் பேராசிரியர். "அப்பா வேற ஆளுன்னு ஒரு வரி எழுதிட்டு அந்தக் குடும்பத்தை விட்டுருங்க. மிச்சத்துல ஏதாவது வருதான்னு பாருங்க. வரலைன்னா பிப்ரவரியோட மூடிரலாம்."

அருணாவின் குடும்பத்தை விட்டால் மிச்சம் எதுவும் போதாது. மூடுவது என்றால் அருணா படுப்பது என்று அர்த்தம். அக்டோபரில் தஸ்னீம் பஸ் ஏறி மேலே வந்தாள். நேராகச் சங்க ஆபீசுக்கு வந்து என்னிடம் விஷயத்தைச் சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது. பொன்னாயி மேல் அப்படி ஒரு வரியா? "எழுதிப் பாக்கச் சொல்லு. நாப்பது ஆளைக் கூட்டிக்கிட்டு பெங்களூருக்கு வாரேன்."

"நாப்பது பேரு வேண்டாங்க மாமா. ஒருத்தரு போதும். இதைப் பொன்னாயக்காகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு சொல்லுங்க."

கூடப் போனேன். பலா மரத்துக்கு இந்தப் பக்கம், கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டேன்.

பொன்னாயி வாசலில் குச்சிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். தஸ்னீம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிழங்கை எடுத்து அவளும் உரித்தாள். மூன்று கிழங்கு உரித்து முடித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லோணும். தப்பா நெனைக்கக் கூடாதுங்க."

"சொல்லு சாமி."

"அருணா ரத்தமும் அவங்கப்பா ரத்தமும் ஒத்துப்போகலைங்க அக்கா."

பொன்னாயி கத்தியைக் கீழே வைக்கவில்லை. "எப்படி ஒத்துப்போவும்? அன்னிக்கு அவரு மரத்து மேலயல்ல இருந்தாரு."

"யாரு?"

"எங்க ஊட்டுக்காரரு. அவரு பேருக்குக் குழந்தைசாமிதான் வந்து குடுத்துட்டுப் போனான். மரத்துல இருந்து எறங்குனா அரை நாளு போயிருமல்ல."

அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் விறகோடு வந்தார். நெட்டையான ஆள். தஸ்னீம் அதுவரை பார்த்திராதவர்.

"இவருதான் காளியண்ணன்" என்றாள் பொன்னாயி. "ஏனுங்க, நீங்க ரத்தம் குடுத்தீங்களான்னு கேக்குது இந்தப் புள்ள."

"நான் எங்கீங்க குடுத்தேன்? எனக்கு ஊசின்னாலே ஆகாது." விறகை இறக்கினான். "ஏங்கண்ணு, குழந்தைசாமி சரியாக் குடுக்கலையா? கேட்டனே அவனை, முழுசாக் குடுத்தேன்னானே."

தஸ்னீம் பலா மரத்துப் பக்கம் திரும்பினாள். "மாமா. இப்படி எத்தனை பேருங்க?"

பட்டியல் என் பையில் இருந்தது. சங்கத்துப் பட்டியல் எதையும் நான் தூக்கிப்போடுவதில்லை. ஆள் மாறியவர்களுக்கு நேரே சின்னப் புள்ளி வைப்பது என் வழக்கம். எண்ணினேன்.

"ஒம்பது."

"நோய் உள்ளவங்க?"

"அர்த்தனாரிக்குச் செல்லமுத்து வந்தான்."

தஸ்னீம் ஆட்டுக்கல் மேல் உட்கார்ந்தாள். ஒன்றரை வருடமாக நோய் உள்ள ஐந்து பேருக்குப் பொதுவானதைத் தேடியிருக்கிறாள். அந்த ஐந்தில் ஒருவன் தினம் இரண்டு மூட்டை மிளகு சுமக்கிறவன்.

"மாமா, ரத்தம் மறியல் இல்லீங்க மாமா" என்றாள். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

எழுந்து சாக்பீஸ் எடுத்தாள். கோடு போட்டாள். அருணாவைக் கூப்பிட்டாள். அவளுக்கு இப்போது பதிமூன்று வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, சுவரை விட்டு, கோட்டில் நின்றாள். இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடிக்குக் காலைத் தூக்கவில்லை.

"ரெண்டு" என்று எழுதிக்கொண்டாள் தஸ்னீம்.

"போன தடவ எத்தனைங்கக்கா?"

"ஞாபகம் இல்ல கண்ணு."

எனக்கு ஞாபகம் இருந்தது.

பெங்களூருக்குப் போய்ப் பேராசிரியரிடம், தப்பு ரத்தத்தில் இருந்தது, ஜனங்களிடம் இல்லை என்று சொன்னாள். ரத்தம் எடுத்தவள் யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். ஒரு தடவை மறுபடி எடுக்க அனுமதித்தார். பிப்ரவரிக் கெடுவை ஆறு மாதம் தள்ளிவைத்தார். அதற்குமேல் கிடையாது என்றார்.

2000 ஜனவரியில் இரண்டாம் முறை. இந்தத் தடவை நோட்டீஸ் இல்லை. பெயர் கூப்பிடவும் நான் இல்லை. என்னிடம் ஐஸ் பெட்டியைக் கொடுத்து ஓரமாக உட்காரச் சொன்னாள். ஊசி போடுகிற நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுப் பொன்னாயியை உட்கார வைத்தாள். வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பொன்னாயி சொல்ல வேண்டும். பிறகுதான் ஊசி.

"இவன் அண்ணாமலை. என்ற சின்னம்மா மவன், மூணாவது. போட்டுக்க."

"இது யாருங்க அக்கா?"

"இவனா? இவன் சும்மா வந்து நிக்கறான். எந்திரிச்சுப் போடா."

அது குழந்தைசாமி. பட்டியலில் அவன் பெயரே கிடையாது. போன தடவை கொடுத்த பிஸ்கட்டுக்கு வந்தேன் என்றான். தஸ்னீம் பிஸ்கட் கொடுத்து அனுப்பினாள்.

காளியண்ணன் வந்து உட்கார்ந்தான். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான். விழுந்த நிலையிலேயே எடுத்துக்கொண்டார்கள். அர்த்தனாரிக்கு நாங்களே மேலே ஏறிப் போனோம். ஒரு மணி நேர நடை. படுத்தபடியே கையை நீட்டினான்.

"போன தடவ என்ற ரத்தம் நல்லா இருந்துதாமா?" என்று கேட்டான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றாள் தஸ்னீம். "அதுதான் பிரச்சினை."

அர்த்தனாரி சிரித்தான். அவன் சிரித்தால் தலையும் சேர்ந்து ஆடும்.

கெடு முடிவதற்குப் பத்து நாள் இருக்கும்போது கடைக்குப் போன் வந்தது. அப்பாஸ் அலி ஆள் அனுப்பி என்னை வரச் சொல்லியிருந்தார். நான் போய்ச் சேர்ந்ததும் தஸ்னீம் மறுபடி கூப்பிட்டாள். அவர் கேட்டுவிட்டு, "என்னமோ சொல்றா, வெளங்கல. நீங்க கேளுங்க தலைவரே" என்று போனை என்னிடம் கொடுத்தார்.

"கெடைச்சிருச்சுங்க மாமா. அஞ்சு பேருக்கும் ஒரே எடத்துல. எட்டாவது குரோமோசோம்."

"புதுசா?"

"இல்லீங்க. அஞ்சு வருசம் முன்னாடியே வேற நாட்டுல கண்டுபுடிச்சதுதான். இங்க யாரும் அதைத் தேடல."

"அதை வைரஸ்ல ஏத்தி அனுப்ப எத்தனை வருசமாவும்?"

"ஏத்த வேண்டாங்க மாமா. மருந்து மெடிக்கல் ஷாப்புல இருக்குது."

நான் போனை மாற்றிப் பிடித்தேன். அவள் சொன்னாள். சாப்பாட்டில் இருக்கிற வைட்டமின் ஈ-யைக் கல்லீரல் பிடித்து ரத்தத்தில் ஏற்றிவிட வேண்டும். பிடித்து ஏற்றுகிற புரதத்தைச் செய்யும் மரபணு இவர்களுக்குக் கெட்டிருக்கிறது. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் தங்குவதில்லை. அது இல்லாமல் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து போகிறது. அருணாவின் ரத்தத்தில் அந்த வைட்டமினை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றும் இல்லை. தினமும் பெரிய அளவில் மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால், ஒழுகினது போக மிச்சம் ரத்தத்தில் நிற்கும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். இருப்பது அப்படியே நிற்கும். போனதில் கொஞ்சம் திரும்பலாம். எல்லாம் திரும்பாது.

அப்பாஸ் அலி போனை வாங்கினார். "அப்ப லாரி வேண்டாமா கண்ணு?"

"வேண்டாத்தா. சைக்கிள்லயே போயிரும்."

அவர் போனை வைத்துவிட்டு எதிரே இருந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனார். பச்சைக் காப்ஸ்யூல். முடி உதிர்வதற்குப் பொம்பளைகள் வாங்குவார்கள் என்றார் கடைக்காரர். இருந்ததை எல்லாம் வாங்கி, அளவு எவ்வளவு என்று தஸ்னீமிடம் நாலு தடவை கேட்டு, அட்டையில் எழுதி, அன்று மாலை பஸ்ஸில் என்னிடம் கொடுத்து மேலே அனுப்பினார்.

பேராசிரியருக்கு மகிழ்ச்சி இல்லை. அவர் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் மூன்று வருடம் வைரஸ் செய்து, எலிகளைத் தயார் செய்து வைத்திருந்தார். இப்போது நோய் மாத்திரைக்குப் போய்விட்டது. கட்டுரை ஒன்றரைப் பக்கக் கடிதமாக ஒரு பத்திரிகையில் வந்தது. கடைசியில் நன்றி என்று பொன்னாயியின் பெயரைத் தஸ்னீம் போட்டிருந்தாள். ரத்தம் கொடுத்தவர்களின் அடையாளத்தை உறுதிப்படுத்தியதற்காக என்று எழுதியிருந்தாளாம். என் பெயர் இல்லை. சரிதான்.

அடுத்த தடவை வந்தபோது நான் அந்த இரண்டு வருடத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவள் நடுவிலேயே நிறுத்தினாள்.

"மொத நாளே நான் அந்த வைட்டமினைப் பாத்திருந்தா முப்பத்து நாலு பேரு ரத்தமே வேண்டியிருந்திருக்காதுங்க மாமா. நான் ஜீனைத்தான் தேடிட்டு இருந்தேன். எங்க புரபசரு வைரஸுக்கு வேலை தேடிட்டு இருந்தாரு. உங்களுது மட்டும் இல்ல."

பழியைப் பங்கு போட்டுக்கொள்வது எனக்குப் பழக்கமான வேலைதான். செயற்குழுவில் இருபது வருடம் செய்திருக்கிறேன். இதில் செய்யவில்லை. ஒன்பது புள்ளியும் என் பேனாவில் வைத்தவை.

அதன் பிறகு 2008 வரை அவள் அங்கே இருந்தாள். மாத்திரைக்கு அடங்காத வேறொரு நரம்பு நோயை எடுத்துக்கொண்டாள். வைரஸில் மரபணுவை ஏற்றி எலியின் மூளைக்குள் அனுப்பினாள். சில எலிகள் கம்பியின் மேல் நாற்பது நொடி நின்றன, வழக்கமாக இருபதில் விழுகிறவை. நாலு கட்டுரை எழுதினாள். அவள் செய்த எதுவும் ஒரு மனுஷனுக்கும் ஊசியாகப் போகவில்லை. அந்தத் துறையில் பெரும்பாலானவர்கள் நிலை அதுதான் என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. அப்பாஸ் அலி மட்டும் வருடா வருடம் கேட்பார், எறக்கற ஆளு கெடைச்சானா என்று.

அவளுடைய லேபில் ஒரு விதி உண்டு. எந்தக் குடும்பத்து ரத்தம் வந்தாலும் முதல் வேலை, அப்பன் அப்பன்தானா, ஆண் பெயர் ஒட்டின குழாயில் ஆண் ரத்தம்தானா என்று பார்ப்பது. மற்றதெல்லாம் பிறகு. அங்கே வேலை செய்த தமிழ் தெரியாத பிள்ளைகள்கூட அதைக் 'காளியண்ணன் டெஸ்ட்' என்றுதான் சொல்வார்களாம். காளியண்ணனிடம் இதைச் சொன்னேன். ஊசி போடாமலே பேர் வாங்கிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டான்.

அர்த்தனாரி எழுந்து நடக்கவில்லை. அவனுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தபோது படுத்து நாலு வருடம் ஆகியிருந்தது. கை நடுக்கம் குறைந்து, தானாகச் சோறு எடுத்துச் சாப்பிட்டான். போதும் என்றான்.

அருணாவைத் தஸ்னீம் ஒவ்வொரு ஜனவரியிலும் கோட்டில் நடக்கவிட்டாள். 2001இல் இரண்டு. ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. 2002இல் நான்கு. அந்த வருடம் அருணா கைத்தடி ஒன்று வெட்டி வாங்கிக்கொண்டு செம்மேட்டில் தையல் வகுப்பில் சேர்ந்தாள்.

2003 ஜனவரியில் நானும் இருந்தேன், வைட்டமின் அளக்க அன்று காலை எடுத்த ரத்தத்தின் ஐஸ் பெட்டியோடு. அதே வாசல். தஸ்னீம் குனிந்து சாக்பீஸால் கோடு போட்டாள். அருணா தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றாள். பதினேழு வயது. குதிகாலை விரலோடு ஒட்டி வைத்தாள். ஒன்று. இரண்டு. கையை விரித்துக்கொண்டாள். நான்கு. ஐந்தில் ஆடி நின்றாள். பொன்னாயி கிழங்குக் கூடையைக் கையில் வைத்தபடியே நின்றாள். ஆறு. ஏழு.

அப்போது மேல் வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அருணா கோட்டை விட்டு இறங்கினாள்.

"இன்னும் மூணு இருக்குது கண்ணு" என்றாள் தஸ்னீம்.

"அடுத்த வருசம் வாங்கக்கா, வெக்கறேன். இந்த பஸ்ஸ உட்டா கிளாஸ் போயிரும்."

தடியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். எங்கள் வாசல்களிலிருந்து ரோட்டுக்குப் போகும் பாதை சமதளம் இல்லை. கல்லும் இறக்கமும். நூற்றைம்பது அடி இருக்கும். சாய்ந்து சாய்ந்து இறங்கினாள். ஓரிடத்தில் தடியை ஊன்றி நின்று, மறுபடி நடந்தாள். கண்டக்டர் விசில் அடிக்காமல் காத்திருந்தார். ஏறிக்கொண்டாள்.

தஸ்னீம் நோட்டில் ஏழு என்று எழுதி தேதி போட்டாள்.

பொன்னாயி எட்டிப் பார்த்தாள். "ரோட்டுக்கு நடந்து போனாளே, அதை எழுதலையா சாமி?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லீங்க அக்கா" என்றாள் தஸ்னீம். பிறகு பேனாவைத் திறந்து, ஓரத்தில் இருந்த வெற்று இடத்தில் எதையோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன்.